ஒளிக்கோட்டைத் தாண்டிய முதல் லோடு

சாத்தூர் சாலையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பொட்டலைத் திருத்தி எடை மேடை போட்டவன் நான். "லாரி என்ன உன் வீட்டு மாடா, கூப்பிட்டதும் வந்து நிக்க?" என்று சிரித்தார்கள். வந்து நின்றன. அதற்கு முன்னால், கழித்துப் போட்ட ஒரு லாரியை வாங்கி, அதன் அடியில் மல்லாந்து படுத்தே இஞ்சின் வேலை கற்று, அந்த ஒன்றை வரிசையாக நிற்கிற லாரிகளாக ஆக்கியவனும் நான்தான். அதற்கும் முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய கை இது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை எழுப்பிக் கேள்வி கேட்பதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டே ஓடி வந்துவிட்டேன். எவனும் எனக்கு முதல் போடவில்லை, எவனும் வழி சொல்லவில்லை. இதையெல்லாம் ஊரில் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு விஞ்ஞான வேலையில் எனக்குப் பங்கு உண்டு என்று சொன்னால் மட்டும், "அண்ணாச்சிக்கு வயசாயிருச்சு" என்று நழுவுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அதை எழுதுவதென்றால் இன்ஜினியரம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

உச்சி வெயிலில் வந்தார். சுடிதார், கான்வாஸ் ஷூ, தலையில் ஒரு தொப்பி, கையில் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம். எடை மேடையை விட்டு லாரிகள் ஒவ்வொன்றாக இறங்கி, உறுமிக்கொண்டு சாலைக்கு ஏறுவதை, சேவைக் கொறித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, இந்த ஏத்தத்தை எனக்குக் கொஞ்ச நாளைக்குத் தருவீகளா?" என்றார். இடம் கேட்டு வந்திருக்கிறார்கள், கடன் கேட்டு வந்திருக்கிறார்கள், ஓட்டுக் கேட்டும் வந்திருக்கிறார்கள். ஏற்றத்தைக் கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அவருக்குச் சொந்த ஊரே சாத்தூர்தான். அப்பா சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பட்டாசு ஆலைப் பஸ்ஸுக்காகச் சாலையோரம் காத்து நிற்கிற பெண்கள் இருமிக்கொண்டு வரும்போது, அது கரிமருந்துத் தூசியா, வண்டிப் புகையா என்று தனக்கே தெரியவில்லை என அக்கா சொல்வாராம். அந்தப் பேச்சுத்தான் இவரைப் பிடித்துக்கொண்டது. கொண்டுவந்த கருவியை எனக்கு எளிதாகச் சொன்னார். வண்டிப் பாதையின் இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி. பெட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி குறுக்கே போய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். வண்டி கடந்ததும் சைலன்சர் விட்ட புகை அந்த ஒளியில் கலக்கும். எந்த வாயு எவ்வளவு என்று கண் இமைப்பதற்குள் பெட்டி சொல்லிவிடும். கேமரா நம்பரைப் பிடித்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தவே வேண்டாம். ஆனால் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வர வேண்டும், டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்திருக்க வேண்டும். விருதுநகர் மாவட்டம் பூராவும் தேடி, அதற்கு என் எடை மேடையை விட்டால் நல்ல இடம் இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். இருக்காதா பின்னே, நான் போட்டதாயிற்றே.

எனக்கும் அதில் ஒரு கோபம் இருந்தது. தீபாவளி வந்தால் உலகத்துப் புகைக்கெல்லாம் சிவகாசிதான் காரணம் என்று பேசுகிறார்களே, வருஷம் பூராவும் சாலையில் போகிற புகையை எவனாவது அளந்தானா? இதைக் கேட்டதும் அந்த அம்மா தலையாட்டி ஆமாம் போடவில்லை. "பட்டாசுப் புகையைப் பட்டாசுப் பக்கம் எழுதணும், வண்டிப் புகையை வண்டிப் பக்கம் எழுதணும், அண்ணாச்சி. அளக்காம யாரையும் திட்டவும் கூடாது, யாருக்கும் நல்ல பேரு குடுக்கவும் கூடாது" என்றார். எனக்கு வேண்டிய பதில் அது இல்லைதான். இருந்தும் கரண்ட் இணைப்புக் கொடுத்தேன், பெட்டிக்கு மேல் தகரக் கொட்டகை போட்டேன், கண்ணாடிக்கு சிமெண்ட் பீடம் கட்டினேன்.

எல்லாம் தயாரானதும், சோதித்துப் பார்க்க ஏற்றத்தில் பைக் போனது, மினி பஸ் போனது, சிமெண்ட் லாரி போனது. ஒவ்வொன்றுக்கும் புகையின் அளவுக்கேற்பச் சாலையோரப் பலகையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரிய, டீக்கடைக் கூட்டம் விசிலடித்தது. பிறகு அச்சங்குளம் பக்கமிருந்து முதல் பட்டாசு லோடு வந்தது. எடை பார்த்துவிட்டு ஏற்றத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, கும்பிடு போட்டுச் சொன்னான்: "ஏதோ கதிர் பாயுதாமே? உள்ள சரவெடி இருக்கு, அண்ணாச்சி. நான் வரமாட்டேன்." பின்னால் வந்தவனும் நின்றான். அவனுக்குப் பின்னாலும் நின்றார்கள். வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார். நாங்கள் சிரிக்க மாட்டோம். ஆலைக்குள் போகும்போது செல்போனை வாசலில் கொடுத்துவிட்டுப் போகிற ஊர் இது. வெடிக்க உரசல் ஒன்று போதும், வெயில் ஒன்று போதும் என்று தெரிந்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டு பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்கள்?

வரிசை சாலை வரைக்கும் நீண்டது. போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் சொன்னார்: "மேடம், பொழுது சாயறதுக்குள்ள இது நகரணும். இல்லேன்னா பெட்டியக் கழட்டிருங்க. அனுமதி அம்புட்டுத்தான்." பெட்டியைக் கழற்றினால் அது அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும், இந்தப் பக்கம் திரும்பாது. பட்டாசு லோடு லாரிகளை அளக்காமல் சிவகாசிப் பக்கத்தை அளந்தேன் என்று அந்த அம்மா சொல்லவும் முடியாது. முகம் வாடிப்போனது, ஆனாலும் விடவில்லை. கையை ஒளிக்கு நேராக நீட்டிக் காட்டினார். "கை எங்கயாச்சும் வெடிக்குமா, மேடம்?" என்றான் ஒருவன். ஆலையிலிருந்து ஒரு திரியை வாங்கிவரச் சொல்லி அதை ஒளியில் தொங்கவிட்டார். கூட்டம் எட்டிப் பார்த்தது. திரி சும்மா ஆடியது. "ஒத்தத் திரி பத்தலேன்னா, ஒரு லோடு பத்தாதுன்னு ஆயிருமா?" என்றான் இன்னொருவன். அப்போதுதான் வரிசையில் எவனோ குரல் கொடுத்தான்: "கரண்ட் குடுத்தது அண்ணாச்சி, கொட்டகை போட்டது அண்ணாச்சி. அவுக லோடு முதல்ல போகட்டும், நாங்க பின்னால வாறோம்!"

பட்டாசு லோடோடு என் லாரியும் வரிசையில் மூன்றாவதாக நின்றது. ஓட்டுகிறவன் என் மைத்துனன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "அத்தான், அக்காளுக்கு யாரு பதில் சொல்றது? நான் மாட்டேன்" என்று இறங்கிவிட்டான். "இறங்குலே, நல்லதாப் போச்சு" என்று நான் ஏறினேன். லாரி ஓட்டி வெகு காலம் ஆகியிருந்தது. முன்னால் நின்ற இரண்டு லாரிகளையும் ஓரம் கட்டினார்கள். நான் சாவியைத் திருப்பவும், மறுபக்கக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. இன்ஜினியரம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க எதுக்கும்மா?" என்றேன். "என் பெட்டியை நானே நம்பலேன்னா இவங்க எப்படி நம்புவாங்க? மிதிங்க, அண்ணாச்சி, நல்லா மிதிங்க" என்றார். கதவை அவர் இழுத்துச் சாத்திய சத்தத்தில் என் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். இருக்கன்குடி மாரியம்மனை நான் கூப்பிட்டேன், அவர் தன் சாமியைக் கூப்பிட்டாரோ என்னவோ, உதடு அசைந்தது. மிதித்தேன். லாரி முக்கிக்கொண்டு ஏறியது. முன்சக்கரம் ஒளியைக் கடந்தது, பின்சக்கரமும் கடந்தது. ஒன்றும் ஆகவில்லை! சாலைக்கு ஏறி ஓரங்கட்டியதும், "ஒளிக்கு நான் பயப்படல, அண்ணாச்சி. நீங்க கியர் மாத்துன விதத்துக்குத்தான் பயந்தேன்" என்றார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

இறங்கித் திரும்பிப் பார்த்தால், கூட்டம் எங்களைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பலகையில் சிவப்பு. கரும்புகை கட்டி கட்டியாக இன்னமும் கொட்டகைக்கு மேலே நின்றது. ஆளுக்காள் குரல்: "கதிரு வெடிக்கல, அண்ணாச்சி வண்டிதான் வெடிச்சிருக்கு!" "ஊருக்கெல்லாம் மெக்கானிக்கு வேலை சொல்லுவீகளே!" மானம் போகிறதே என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம், முதலில் கும்பிடு போட்ட அதே டிரைவர் தாவி ஏறி, "அண்ணாச்சி வண்டியவிட என் வண்டி மோசமா? இப்பப் பாருங்க" என்று கிளப்பினான். மஞ்சள்! பின்னால் வந்தவன் பச்சை வாங்கிவிட்டு, ஹாரனை அடித்துக்கொண்டே போனான். அதற்குப் பிறகு ஒருவரும் நிற்கவில்லை. நாரணாபுரத்திலிருந்து, எடை போட வேண்டிய தேவையே இல்லாதவன்கூடச் சுற்றி வந்து கடந்தான். இன்ஸ்பெக்டர் தன் ஜீப்பையும் ஒரு முறை விட்டுப் பார்த்தார். என்ன நிறம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த சீசன் முழுக்கப் பெட்டி அங்கேயே இருந்தது. இன்ஜினியரம்மாவுக்கு வேண்டிய லோடு வண்டிகளெல்லாம் தாமாக வந்தன.

இப்போது அவர் வடக்கே பெரிய வேலையில் இருக்கிறார். அந்த ஏற்றத்தையும் சேர்த்து இன்று சாலையை அகலமாக்கிவிட்டார்கள். வண்டிகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து போகின்றன, இனி அங்கே அளக்கவும் முடியாது. என் லாரிக்கு இஞ்சின் வேலை பார்த்துப் புகையைக் குறைத்துவிட்டேன். அளவெடுத்ததை அந்த அம்மா இங்கிலீஷில் அறிக்கையாக அச்சிட்டு அனுப்பினார். பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பட்டாசு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்று சொன்னபடியே நேர்மையாகப் பிரித்திருந்தார். என்னைப் பற்றி இருந்ததெல்லாம் "உள்ளூர் ஒத்துழைப்பு" என்ற இரண்டு வார்த்தைதான். போன் போட்டேன். "யார் வண்டி நம்பரையும் வெளியிடக் கூடாது, அண்ணாச்சி. அது விதி. பேரு போட்டாலும் நம்பர் தெரிஞ்சிரும்" என்றார் வருத்தத்தோடு. விதி சரிதான். மற்றவன் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த விதி. எனக்கு அந்தக் காவல் வேண்டாம். பச்சை வாங்கிய வண்டியெல்லாம் என் சிவப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய வண்டி. ஆகவே அறிக்கையை அடுத்த முறை அச்சடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் லோடு என்னுடையது என்று போடுங்கள். நம்பரையும் போடுங்கள், அதற்கு எதிரே சிவப்பு என்றும் போடுங்கள். ஓட்டியவன் என்று என் பெயரையும், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் என்று இன்ஜினியரம்மாவின் பெயரையும் ஒரே வரியில் போடுங்கள்.