அண்ணன் ரத்து செய்த இடம்

பேச்சை நறுக்கென்று வெட்டுவாள் என்பதால் அவளுக்குக் கத்திரி என்று பெயர். முதியோர் இல்லத்தில் பகல் ஷிஃப்டில் என்னுடன் நான்கு வருடம் வேலை பார்த்தாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் தாளில் நேரத்தைக் குறிப்பாள். அவள் பார்த்துக்கொண்ட ஒருவர் முதுகிலும் புண் வந்ததில்லை. இருபத்தாறு வயதில் பிசியோதெரபி படிக்க வெளிநாட்டில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள்.

பேர்போன பெரியது அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. சிற்றூரில் இருந்த சின்னது இடமே கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் அனுப்ப வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கண்டுபிடித்த புண்ணியவானை எங்கள் இல்லத்தில் ஒரு நாள் படுக்கவைத்து, ‘புரட்டிவிடுகிறோம், காத்திரு’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். உள்ளூர்ப் பிள்ளையைக் கடைசி வாரம் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வெளியிலிருந்து போகிறவளுக்கு விசா வாங்கவே எட்டு வாரம். விசா வாங்க நேரமில்லாதபோது இடம் கொடுத்து என்ன பிரயோஜனம்? தான் எத்தனையாவது ஆள் என்று கேட்டு எழுதினாள். வரிசை எண் கிடையாது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. நன்றியாம்!

செவ்வாய்க்கிழமை சின்னதற்கு ஒப்புதல் அனுப்பினாள். “பெருசு ஜூன் பதினஞ்சுக்குள்ள கூப்பிட்டா யோசிக்கிறேன் சிஸ்டர். அதுக்கப்புறம் கூப்பிட்டா அவங்களே படிச்சுக்கட்டும்” என்றாள்.

வெள்ளி மதியம், ஒரு பெரியவரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவள் போன் சிணுங்கியது. வேலையை முடித்து, தாளில் குறித்து, கை கழுவிவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தாள். நீங்கள் விலகிக்கொண்டதை ஏற்கிறோம் என்று சின்னது எழுதியிருந்தது. அவள் விலகவே இல்லை.

விண்ணப்பம் போட்ட கணினி அவளுடைய அண்ணனின் டிராவல்ஸ் கடையில் இருந்தது. பாஸ்வேர்டும் அவரிடம்தான். கடை இரண்டு தெரு தள்ளி. சாப்பாட்டு இடைவேளையில் நானும் கூடப் போனேன்.

“அண்ணா, என் சீட்டை என்ன பண்ணின?”

“கேன்சல் பண்ணிட்டேன்மா” என்றார், உதவி செய்த முகத்தோடு. “ஒரே பேர்ல ரெண்டு புக்கிங் இருந்தா சிஸ்டம் ஒண்ணத் தூக்கிடும். வெயிட்டிங்ல இருக்கறத தூக்கிட்டா? பதினாலு வருஷமா நான் பாக்காத வெயிட்டிங் லிஸ்ட்டா!”

“இது பிளேன் இல்லண்ணா.”

“எல்லாம் ஒண்ணுதான். கடைசி நேரத்துல க்ளியர் ஆயிடும்.”

“என் நம்பர் என்ன?”

அண்ணன் திரையைப் பார்த்தார். “நம்பர்... குடுக்கலையே.”

“நம்பரே இல்லாத டிக்கெட்ட நம்பி, கன்ஃபர்ம் டிக்கெட்டக் கிழிச்சிருக்க. உன் கஸ்டமருக்கு இப்படிச் செய்வியா?”

“அத்தைகிட்டல்லாம் பெரிய யுனிவர்சிட்டின்னு சொல்லிட்டேனேம்மா...”

“அப்ப அத்தைய அனுப்பு.”

எனக்குக் கை பரபரத்தது. “எந்திரிப்பா, அவ உக்காரட்டும்” என்றேன்.

சின்னதில் அப்போதுதான் அலுவலகம் திறந்திருந்தது. மூன்றாவது முறை போன் போட்டபோது ஒரு அம்மாள் எடுத்தார். விலகியது தான் அல்ல என்று அவளும், தானே செய்தேன் என்று செய்தவரும் கையெழுத்துப் போட்டு இன்றைக்குள் அனுப்பினால் பார்க்கலாம் என்றார்.

அண்ணன் ‘சிறு குழப்பத்தால்’ என்று ஆரம்பித்தார்.

“குழப்பம் ஒண்ணும் இல்ல. தங்கையைக் கேட்காமல் செய்தேன்னு எழுது” என்றாள் கத்திரி.

எழுதினார். மாலையில் இடம் திரும்பி வந்தது. விடுதி அறை வரவில்லை. அது வேறு யாருக்கோ போய்விட்டது. பெரியதிடமிருந்து ஜூன் பதினைந்துவரை ஒரு வரிகூட இல்லை. பதினாறாம் தேதி காலை அந்தப் பட்டியலிலிருந்து தன் பெயரைத் தானே எடுத்தாள், புதுப் பாஸ்வேர்டில்.

விசா வந்ததும் அண்ணன் போன் செய்தார். “டிக்கெட் நான் போட்டுத் தரேன்மா, ஜன்னல் சீட்டா.”

“போட்டாச்சு.”

“எங்க?”

“உன் எதிர்க்கடையில. கண்ணாடி வழியா எட்டிப் பாரு, இன்னும் இங்கதான் நிக்கறேன்.”