எந்தத் தெரு?

ஸ்ரீரங்கத்தில் என் மாடிப் போர்ஷனை வாடகைக்குக் கேட்டு இன்று ஓர் இளம் தம்பதி வந்தார்கள்.

"சொந்த ஊர் மண்ணச்சநல்லூருங்க" என்றார் கணவர்.

"அங்க எந்தத் தெரு?" என்றது ஒரு குரல். சாட்சாத் என் அப்பாவின் குரல். அப்பா போய்ப் பல வருஷமாகிறது. பேசியது என் வாய்தான்.

சாதி ஒழிப்பைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதியவர் அப்பா. மசியும் மூக்குப்பொடியும் மணக்க அவர் எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலை, ஆறாம் வகுப்புத் தோழன் செல்வத்தைக் கேரம் விளையாடக் கூட்டிவந்தேன். அப்பா நிமிராமலே இதே கேள்வியைக் கேட்டார். செல்வம் சொன்னான். தெரு தெரிந்தால் சாதி தெரிந்த மாதிரி.

"போர்டை வாசலுக்கு எடுத்துட்டுப் போங்கப்பா. உள்ள வேணாம்" என்றவர், விட்ட வரியைத் தொடர்ந்தார். போர்டைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். செல்வம் அப்புறம் வரவேயில்லை.

சாதியைக் கிண்டலடித்து மூன்று புத்தகம் போட்டிருக்கிறேன். மூன்றிலும் பெயர் சொல்லாமல் அப்பாவைத்தான் திட்டியிருக்கிறேன்.

கணவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மனைவி அவர் கையைப் பிடித்தார்.

"வாங்க, போகலாம்" என்றவர் என்னைப் பார்த்தார். "உங்க புத்தகத்தைப் படிச்சிட்டு, இந்த வீட்ல அதைக் கேக்க மாட்டாங்கன்னு இவர்கிட்ட நான்தான் சொன்னேன், சார்."