போஸ்டரில் அண்ணியின் கால்

எங்கள் அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலைக்கு அது இல்லாமல் பிழைக்க முடியாது.

போன மாதம் ஒரு வீட்டு வாசலில் அவள் கெண்டைக்காலை நாய் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது யாரோ படம் எடுத்தார்கள். இருந்த வலியில் அண்ணி அதைக் கண்டுகொள்ளவில்லை.

பிறகு ஊரெல்லாம் நகராட்சியின் போஸ்டர். தையல் போட்ட ஒரு கால், பக்கத்தில் பல்லைக் காட்டும் அகன்ற முகத்து நாய். அந்த இனத்தை இனி யாரும் வளர்க்கக் கூடாதாம். வைத்திருப்பவர்கள் மாத முடிவுக்குள் நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டுமாம். எங்கள் வீட்டு நாய் தடியனும் அதே இனம்தான். இடி இடித்தால் என் கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்குகிற மாவீரன்.

போஸ்டரைக் கண்டதும் அண்ணி பைக்கை நிறுத்தினாள். பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.

"அடியே, இது என் கால்டி!"

கணுக்காலுக்கு மேலே சைலன்சர் சுட்ட தழும்பு. சந்தேகமே இல்லை.

ஆட்சேபம் கேட்கும் கூட்டத்துக்கு இருவரும் போனோம். அண்ணி நேரே போய் அதிகாரியின் மேஜைமேல் காலைத் தூக்கி வைத்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"அம்மா, காலை இறக்குங்க."

"முதல்ல போஸ்டரை இறக்குங்க சார். என்னைக் கடிச்சது தலகாணி சைஸ்ல ஒரு வெள்ளைச் சடை நாய். அதையும் நான் திட்ட மாட்டேன். கேட்டை ஒட்டி, முழ நீளச் சங்கிலில, நாள் பூரா வெயில்ல கட்டிப் போட்டா நானே கடிப்பேன். மூஞ்சியப் பாத்து சட்டம் போடாதீங்க. எந்த நாய் கடிச்சாலும் வளக்கறவன் பதில் சொல்லணும்னு போடுங்க. கொடுமைப்படுத்தறவனுக்கும், தெருவுல அவுத்து விடறவனுக்கும் அபராதம் போடுங்க."

அதிகாரி எங்களை உள்ளறைக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்க நாய்க்கு மட்டும் விலக்கு தர்றோம். ஒரு கையெழுத்துப் போடுங்க. படத்தைப் பத்தி வெளியில பேச வேண்டாம்."

போட்டுத் தொலையட்டும் என்று அண்ணியின் இடுப்பைக் கிள்ளினேன். அவளோ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு லிஃப்ட் மெக்கானிக் அங்கே தன் நாயின் தடுப்பூசி அட்டையோடு காத்திருந்தார். அதுவும் தடியனின் இனம். அவர் வீட்டில் அவரும் அந்த நாயும்தான்.

"அவரோட நாய்க்கு?"

"அது சட்டப்படி..."

"அப்ப எனக்கும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து நான் அவளோடு பேசவே இல்லை. என்ன வீம்பு இது? தடியனைக் கொண்டுபோனால் யார் தாங்குவது? அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மாதம் முடிந்ததும் நகராட்சியின் நாய் வண்டி வந்தது. கூண்டுக்குள் ஏற்கெனவே மெக்கானிக்கின் நாய் இருந்தது. கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டி, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. பின்னாலேயே அவர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"இப்பக் கையெழுத்துப் போட்டாலும் உங்க நாயை விட்டுடச் சொல்லிருக்காங்க" என்றார் வண்டிக்காரர்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"போட மாட்டாங்க. அந்த நாயையும் விடுங்க."

அப்படியே வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அண்ணி ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருடி" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.