இரண்டாவது ஊஞ்சல்

கிட்ட வாங்க, என் கண்ணுகளே. இன்னும் கொஞ்சம் நெருங்கி இருங்க. மடியில் பிள்ளை இருந்தால் இறுக்கி அணைத்துக்கொள்ளுங்க. இன்றைக்கு ஒன்று சொல்லப்போகிறேன். இது கட்டுக்கதை இல்லை. ஜெனூபா என் முன்னால் இருந்து, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் சொன்னது. சொல்லி முடியும் மட்டும் அவளுடைய வலது கை இடது மணிக்கட்டைப் பொத்திப் பிடித்தபடியே இருந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி... இது நடந்தது.

கல்முனையில், கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கையில்தான் அந்த வீட்டு வளவு. நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. தாய் ஆயிஷா உம்மா முன்வீட்டை மூத்தவள் சுபைறாவுக்குக் கொடுத்தார். இளையவள் ஜெனூபாவின் கல்யாணம் வந்தபோது பின்வளவைப் பிரித்து, அதில் ஒரு வீடு கட்டி, அவள் பேரில் எழுதிவைத்தார். நடுவில் தகர வேலி. வேலியில் ஒரு சின்னக் கதவு. ஆயிஷா உம்மா மௌத்தாகிக் கண்மூடி இரண்டு வருடம் ஆன பிறகும் அந்தக் கதவை ஒருநாளும் யாரும் பூட்டியதில்லை.

ஜெனூபாவின் கணவன் அஷ்ரப் கட்டாரில் வேலை. மகள் அஸ்னாவுக்கு நாலு வயது. சுபைறாவுக்குப் பிள்ளை இல்லை. அஸ்னாவைக் குளிப்பாட்டுவதும் தலை வாருவதும் சோறு தீத்துவதும் பெரும்பாலும் சுபைறாதான். இந்த உலகத்தில் ஜெனூபா தன் ராத்தாவை, கூடப் பிறந்த அக்காவை, நம்பியதுபோல வேறு ஒருவரையும் நம்பியதில்லை. அதை மறக்காமல் கேளுங்கள்.

அஸ்னா எந்நேரமும் போனும் கையுமாக இருந்தாள். வளவில் ஊஞ்சலும் சறுக்கும் போட்டுக் கொடுத்தால் போனை விடுவாள் என்று ஜெனூபா நினைத்தாள். அஷ்ரப் படம் படமாக அனுப்பினான். எல்லாம் சிவப்பும் மஞ்சளுமான பிளாஸ்டிக்.

“இந்த வெயிலுக்கும் உப்புக் காத்துக்கும் அது ரெண்டு மாசம் நிக்காதுகா,” என்றாள் சுபைறா. “இரும்பில அடிப்பம். பாண்டிருப்பில நல்லரெத்தினம் எண்டு ஒரு வெல்டிங்காரர் இரிக்கார். நான் கதைக்கிறன்.”

“அப்ப குசினி ஜன்னலுக்கு நேர போடுவம் ராத்தா. சமைக்கக்குள்ள புள்ளையப் பார்க்கலாம்.”

“அங்க வெயில் கொளுத்தும். கடைசி மூலையில வேப்பமரத்தடிதான் நல்லம்.”

“அங்க போட்டா எனக்குப் பாதிதானே தெரியும்?”

“நான் பார்க்க மாட்டனா? என்னை நம்பிக்கை இல்லையாகா உனக்கு?”

அதற்குப் பிறகு ஜெனூபா என்ன சொல்வாள்? சரி என்றாள்.

நல்லரெத்தினம் அளவெடுக்க வந்த செவ்வாய்க்கிழமை, அவள் சந்தைக்குப் போயிருந்தாள். அடுத்த புதன்கிழமை சாமான்கள் லேண்ட்மாஸ்டர் வண்டியில் வந்து இறங்கின. சறுக்கு ஒன்று. ஏணி ஒன்று. ஊஞ்சல் பலகை... இரண்டு.

“எங்களுக்கு ஒண்டுதானே அண்ணன் வேணும்?”

“உங்கட அக்காதான் ரெண்டு எண்டா, தங்கச்சி.”

இரண்டாவது பலகை நிலத்தில் இருந்து நல்ல உயரத்தில் தொங்கியது. நாலு வயதுப் பிள்ளைக்குக் கால் எட்டாத உயரம். ஜெனூபா ராத்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“வளருவாதானே,” என்றாள் சுபைறா.

கடைசிக் காலுக்குக் குழி வெட்ட நல்லரெத்தினம் அலவாங்கை ஓங்கினார்.

“அங்க கிண்டாதீங்க!”

சுபைறா அப்படிக் கத்தி ஜெனூபா கேட்டதே இல்லை.

“வேர் இரிக்கி,” என்றாள் பிறகு, மெதுவாக. “முழுச் சட்டத்தையும் ரெண்டு சாண் தள்ளி நடுங்க.”

“ரெண்டு சாண் என்ன அக்கா, சொன்னா ஊஞ்சலை நிந்தவூருக்கே தள்ளி நடுறன்,” என்று சிரித்தார் அவர். சுபைறா சிரிக்கவில்லை. ஜெனூபா அந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். வெறும் வெள்ளை மணல். வேர் ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை. மாலை ஐந்து நாற்பது. குசினியில் ஜெனூபா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஊஞ்சல் சத்தம் கேட்டது. கிரீச்... கிரீச்... புது இரும்பு அப்படித்தான், எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் இடையில் இன்னொரு சத்தமும் சேர்ந்தது. கிரீச்... கிர்ர்ர்... கிரீச்... கிர்ர்ர்... எட்டிப் பார்த்தாள். அஸ்னா தன் பலகையில் ஆடிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பலகையும் ஆடியது. காற்று என்று நினைத்தாள். பிறகு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

ஓர் இலைகூட அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மணலைக் கூட்டப் போனாள். அஸ்னாவின் பலகைக்குக் கீழே மணல் அப்படியே இருந்தது, அவள் காலை மடக்கிக்கொண்டுதான் ஆடுவாள். இரண்டாவது பலகைக்குக் கீழே நீளமாக இரண்டு கோடுகள். கால் பெருவிரல் உழுத கோடுகள்.

“பக்கத்து வீட்டுப் புள்ளைகள் வந்திரிக்கும்,” என்றாள் சுபைறா. தங்கையின் முகத்தைப் பார்க்காமல்.

சனிக்கிழமை அஸ்னா தன் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து அந்தப் பலகையில் வைத்தாள்.

“யாருக்கு அது, என்ட கிளி?”

“ராத்தாக்கு.”

“உனக்கு ராத்தா இல்லையே.”

“இரிக்காங்க உம்மா. கதைக்க மாட்டாங்க.”

 ஜெனூபா அன்றைக்கே ராத்தாவிடம் போய்ச் சொன்னாள். “சின்னப் புள்ளைகள் அப்பிடித்தான் எதையாவது கதைக்கும்,” என்று அவளுடைய தலையைத் தடவி அனுப்பினாள் சுபைறா.

ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு பத்து. பள்ளியில் மஃரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, வாங்கு சொல்லத் தொடங்கினார்கள். வாங்கு சொன்னால் பிள்ளைகளை வளவில் விடக் கூடாது, உங்களுக்குத் தெரியும். ஜெனூபா குசினிக் கதவில் நின்று கூப்பிட்டாள்.

“அஸ்னா! உள்ளுக்கு வாங்க மகள்!”

ஊஞ்சல் சத்தம் மட்டும் வந்தது.

கிரீச்... கிரீச்...

ஒரு சத்தம்தான். ஜெனூபா முற்றத்தில் இறங்கினாள்.

இரண்டாவது பலகை அசையாமல் நின்றது. அஸ்னாவின் பலகை மட்டும் ஆடியது. உயரமாக. அவள் வயதுக்கு ஆட முடியாத உயரம்.

பிள்ளை காலை உதைக்கவில்லை. சங்கிலியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

பின்னால் வரும் ஒவ்வொரு தடவையும்...

அவளுடைய சட்டையின் முதுகு அமுங்கியது.

இரண்டு இடத்தில்.

இரண்டு சின்னக் கை அளவில்.

“உம்மா... கூடத் தள்ளுறாங்க... பயமா இரிக்கி...”

ஜெனூபா ஓடினாள். சங்கிலியை எட்டிப் பிடித்தாள்.

அவளுடைய இடது மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

குளிர்...

அப்போதுதான் வேலிக் கதவடியில் சுபைறா நிற்பதைக் கண்டாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. முகத்தில் ஒரு சிரிப்பு. கண்கள் அஸ்னாவைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்க்கவில்லை. ஊஞ்சலுக்குப் பின்னால், வெறும் இடத்தைப் பார்த்தன.

“மெதுவா மகள்,” என்றாள் சுபைறா. “தங்கச்சி விழுந்திருவா.”

ஊஞ்சல் நின்றது.

மணிக்கட்டில் இருந்த பிடி விட்டது.

ஜெனூபா பிள்ளையைத் தூக்கி வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு வாசலில் நின்று கேட்டாள்.

“யாரோட கதைச்ச ராத்தா?”

சுபைறா வாசல்படியில் குந்தினாள். ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஏழரை வருடத்துக்கு முன், ஜெனூபா வெளியூரில் அறபுக் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், சுபைறாவின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கிக் கலைந்திருக்கிறது. நாலு மாதம் நிரம்பவில்லை. அவ்வளவு சின்னதை மையவாடிக்குக் கொண்டுபோகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றி வளவு மூலையில் அடக்கினார்கள். வேப்பமரத்தடியில்.

“படிக்கிற புள்ளைக்குச் சொல்ல வேணாம் எண்டு உம்மா சொல்லிட்டா.”

“உம்மாக்கும் தெரியுமா?”

“உம்மாதான் குழி வெட்டின.”

ஜெனூபா வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். 

“தெரிஞ்சுதானே ராத்தா அந்த இடத்தைக் காட்டின? என்ட புள்ளையை ஏன்?”

“அவளுக்கு விளையாட ஆள் இல்லகா. இருந்திருந்தா இப்ப ஏழு வயசு.” சுபைறாவின் குரல் சட்டென்று மாறியது. “உனக்கு இந்த வளவை எழுதித் தரக்குள்ள உம்மா என்ட புள்ளையையும் சேர்த்துத்தானே எழுதித் தந்தா? நான் ஒரு வார்த்தை கதைச்சனா?”

“கேட்டிரிந்தா முழு வளவையும் தந்திரிப்பன் ராத்தா. நீ கேக்காம என்ட புள்ளைய விளையாட்டுக்கு எடுத்திட்ட.”

அதுவரைக்கும் ராத்தாவை அவள் ‘நீ’ என்று சொன்னதே இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் வேலையாகக் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து வேலிக் கதவில் போட்டாள். அது பேய்க்குப் போட்ட பூட்டு இல்லை என் மக்களே. பேய்க்கு யாரும் பூட்டுப் போடுவதில்லை. மறுபக்கம் சுபைறா நின்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்பது மணி வரைக்கும் தட்டினாள். ஜெனூபா திறக்கவில்லை. உள்ளே அஸ்னா, “பெரியம்மா... பெரியம்மா...” என்று அழுதாள்.

பிறந்து பார்க்காத பிள்ளைகள் சுவர்க்கத்தில் விளையாடும் என்று பள்ளி லெப்பை சொல்வார். நானும் அதைத்தான் நம்புகிறேன். அப்படியென்றால் அந்த மாலையில் தள்ளியது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பத்தரைக்கு நல்லரெத்தினம் வந்து சட்டத்தை அறுத்தார். குழாய்களை ஏற்றி முடித்து, முகம் கழுவத் தண்ணீர் கேட்டார். கழுவிக்கொண்டே சொன்னார்.

“பாவம் தங்கச்சி. ரெண்டு புள்ளைகளும் அழப்போகுது.”

“எந்த ரெண்டு?”

“நான் அளவெடுத்த ரெண்டும்தான். இந்தச் சின்னவளும், உங்கட அக்காட மகளும்.”

ஜெனூபா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எங்கட ராத்தாக்குப் புள்ளை இல்ல அண்ணன்.”

அவர் துவாயை முகத்தில் இருந்து எடுத்தார். சிரிப்பு இல்லை.

“பகிடி விடாதீங்க. அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் பன்னிரண்டரை. இந்த வேப்பமரத்தடியிலதான் நிண்டா. உங்கட அக்காதான், இவளுக்கும் அளவெடுங்க எண்டா. முழங்கால்ல இருந்து நிலம் மட்டும் நான்தான் நூல் புடிச்சன். அந்த வெயிலுக்க புள்ளைட கால் மீன்பெட்டி ஐஸ் மாதிரி இரிந்திச்சு. காய்ச்சலா மகள் எண்டு கேட்டன்...”

துவாயைத் தோளில் போட்டார்.

“கதைக்கல்ல.”

அவ்வளவுதான் என் கண்ணுகளே. இனி எழும்புங்க. போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே எடுங்க. உங்கள் வீட்டில் பறக்கத்து நிறையட்டும். கூடப் பிறந்தவர்களின் மனம் உங்களுக்கு ஒளியாமல் இருக்கட்டும். உங்கள் வளவில் விளையாடும் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கும் போதெல்லாம், கணக்கு நீங்கள் பெற்ற கணக்காகவே இருக்கட்டும். ஆமீன்.