இரும்பு மூக்கு பூட்ஸ்

லெயோன் நகரத்துச் செருப்புக் கிடங்கில் மாரிசெலா கணக்குப் பார்ப்பவள். அங்கேயே பெட்டி எண்ணும் வேலையிலிருந்து மேலே வந்தவள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் ஓர்தென்சியா. மாரிசெலாவின் மகனை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்றவளும் அவள்தான். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப் பிறந்தவள்கூட அதற்கு அப்புறம்தான்.

முதலாளி தோன் ரமிரோ ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். போனவர் சும்மா வந்திருக்கலாம். பெட்டிக்குப் பெட்டி ரேடியோ சில்லு ஒட்டிவிட்டால், கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாலே எண்ணிக்கை வந்துவிடும் என்ற ஆசையோடு வந்தார். போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு மாரிசெலா தலையில் விழுந்தது.

எப்படிப் போட்டுப் பார்த்தாலும் வழி ஒன்றுதான். எண்ணுகிற பெண்களை வீட்டுக்கு அனுப்பினால் பணம் திரும்பும், இல்லாவிட்டால் திரும்பாது. இன்னும் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கும் ஓர்தென்சியாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இனிமேல் எவன் வேலை கொடுப்பான்?

மாரிசெலா ஒரு தந்திரம் செய்தாள். சோதனை ஓட்டத்துக்கு, சுரங்கத் தொழிலாளிகள் போடும் இரும்பு மூக்கு பூட்ஸ் அடுக்கியிருக்கும் பகுதியைக் கேட்டு வாங்கினாள். இரும்பு ரேடியோவை மறைக்கும், கருவி பாதியைக் கோட்டை விடும், பேச்சு அதோடு முடியும் என்று நம்பினாள். முதல் நாள் அப்படித்தான் நடந்தது. மறுநாளிலிருந்து ஒரு பெட்டிகூடத் தப்பவில்லை.

மதியம் சோள மடலில் சுற்றிய தமாலைப் பிரித்துக்கொண்டே ஓர்தென்சியா குரலைத் தாழ்த்தினாள்.

“மெஷின் சொதப்புன அன்னிக்கு முதலாளி உன் மேல எரிஞ்சு விழுந்ததப் பாத்தோம், கொமாத்ரே. மனசு கேக்கல. அதான் காலைல சீக்கிரமே வந்து, சில்லு வெளிய பாக்குற மாதிரி எல்லாப் பெட்டியையும் திருப்பி வெச்சோம். உன் பேரு கெடக் கூடாதுல்ல?”

மாரிசெலாவுக்கு அழுகை முட்டியது. அந்த அழுகைக்கு நடுவிலேயே தப்பிக்க ஒரு சந்து தெரிந்தது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மாடியில் முதலாளி அறைக்கு ஓடினாள். யார் பெயரையும் சொல்லாமல், பெட்டிகளை யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள், இந்தச் சோதனையை நம்ப முடியாது என்றாள்.

தோன் ரமிரோவின் முகம் மலர்ந்தது.

“அட, திருப்பி வெச்சாலே போதுமா? அப்ப தொழிற்சாலையிலயே அப்படி அடுக்கி அனுப்பச் சொல்லிடுவோம். அதையும் அறிக்கைல சேத்து, இப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுத்துரும்மா.”

போடமாட்டேன் என்றால் அவளையும் சேர்த்து அனுப்பிவிட்டு வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார். பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறான். மாரிசெலா போட்டாள்.

கீழே ஓர்தென்சியா, மாரிசெலா விட்டுப்போன தமாலை ஆறிவிடாமல் துணியில் பொதிந்து வைத்திருந்தாள்.

“என்ன சொன்னாரு? நாங்க செஞ்சது உனக்கு உதவுச்சா?”

“உதவுச்சு, கொமாத்ரே” என்றாள் மாரிசெலா.