ஹாயில் வைக்கும் காப்பி

ஹாயில் காகிதக் கோப்பையை மேசையில் சட்டென்று வைத்துவிட மாட்டான். முதலில் அந்த இடத்தை உள்ளங்கையால் துடைப்பான். எதிரே இருக்கும் மாணவனின் வலக்கை எட்டும் தூரம் பார்த்து மெதுவாக இறக்குவான். விரல்களை ஒவ்வொன்றாக எடுப்பான், தூங்கும் குழந்தையைக் கிடத்திவிட்டு எடுப்பதுபோல. பிறகு ஜன்னலுக்குப் போய் வெளியே தெரியும் பழைய கோட்டையைப் பார்ப்பதாகப் பாவனை செய்வான். உண்மையில் பார்ப்பது கண்ணாடியில் நிழலாகத் தெரியும் அந்தக் கையைத்தான். அது கோப்பையை எடுக்கிறதா, இல்லையா?

எங்கள் ஊரான கரக்கில், நூலகத்தின் மாடியில், வியாழன் மதியங்களில் இது நடக்கும். ஹாயிலும் சுந்துஸும் பட்டம் வாங்கிவிட்டு வருடக்கணக்கில் வேலைக்கு அலைந்தவர்கள். அவன் கணக்கியல், அவள் புள்ளியியல். தலைநகர் அம்மானில் நேர்முகத் தேர்வுகளில் தாங்கள் பட்டது யாருக்காவது உதவட்டும் என்று, கடைசி வருட மாணவர்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். நானும் அதில் ஒருவன், பின் வரிசை. மடியில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் கிடக்கும் என்பதால் ஹாயிலுக்கு நான் ‘கவிஞர்’.

காப்பிக்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு ஆண்கள் திரண்டு போனால், முன்னால் வைத்த காப்பியை, போனவர்களில் பெரியவர் தொட மாட்டார். பெண்ணின் தகப்பன் “குடிங்க, கேட்டது உங்களுக்குத்தான்” என்று சொல்ல வேண்டும். அவர் குடித்தால் சம்மதம் முடிந்தது என்று பொருள். பெரிதாக ஒன்றைக் கேட்கப் போன இடத்தில் காப்பியைத் தொடாமல் இருப்பது எங்கள் கைகளுக்கே ஊறிப்போன பழக்கம். ஹாயில் தன் முதல் நேர்முகத் தேர்வில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். மேலாளர் கோப்பையைப் பார்த்துவிட்டு, என்ன தம்பி, எங்க வீட்டுப் பொண்ணைக் கேட்டு வந்தீங்களா என்று கேட்க, அறையே சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் அவனுக்கு வாய் எழவில்லை.

“காப்பி வந்தா குடி,” என்பான் எங்களிடம். “நீ பொண்ணு கேட்டுப் போகல. வேலை கேட்டுப் போற.”

மேலாளர் நாற்காலியில் சுந்துஸ் உட்காருவாள். சும்மா இருந்த வருடங்களைத்தான் அவள் முதலில் குடைவாள். சும்மா இருந்தால் சும்மா இருந்தேன் என்று சொல்லுங்கள், பொய் சொன்னால் காது சிவக்கும், எதிரே இருப்பவருக்குத் தெரியும் என்பது அவள் பாடம். ஒருநாள் எங்களுக்குக் காட்டுவதற்காக ஹாயிலே அவள் எதிரே உட்கார்ந்தான்.

“இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“உங்க முன்னாடி உட்கார்ந்துட்டிருந்தேன்.”

பையன்கள் மேசையைத் தட்டினார்கள். சுந்துஸ் நிமிரவில்லை. “இந்தப் பதிலுக்கு வேலை கிடைக்காது,” என்றாள். காது சிவந்தது அவளுக்குத்தான்.

அவள் அப்பா அபூ காலிப் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹாயிலை அவருக்குப் பிடிக்கும். ஆனால் மாதச் சம்பளம் இல்லாதவனுக்குப் பெண் இல்லை என்பதில் உறுதியாக இருந்தார். மருமகன் தன் அண்ணன் கடையில் காய்கறி நிறுக்கிறான் என்று ஊருக்கு எப்படிச் சொல்வது? ஸர்கா நகரில் அவள் சித்தப்பா மகன் ஒருவன், எங்கள் வழக்கத்தில் அது முறைதான், அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த வருடமும் ஹாயிலுக்கு வேலை அமையாவிட்டால் அவனுக்குத்தான் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

பாதாம் பூத்த சமயம், அம்மானில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஹாயிலை எடுத்துக்கொண்டதாகத் தொலைபேசியில் சொன்னது. வாரத்தின் முதல் வேலை நாளான ஞாயிற்றுக்கிழமை சேர வேண்டும். அபூ காலிப் சம்மதித்தார், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் வரச் சொன்னார். கூட்டம் பெரிதாகத் தெரிய வேண்டுமே, நீயும் வா கவிஞரே என்று ஹாயில் என்னையும் இழுத்துக்கொண்டான்.

காரில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அபூ காலிப் வீட்டுத் திருப்பத்தில்தான் மெல்லச் சொன்னான். முந்தின நாள் நிறுவனத்திலிருந்து மறுபடி அழைத்தார்களாம். அந்த வேலையையே ரத்து செய்துவிட்டார்களாம். எங்கள் சார்பில் பெண் கேட்கவிருந்த தன் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறான். ஊர்ப் பெரியவர்களை அழைத்தாயிற்று, இப்போது நிறுத்தினால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு, கல்யாணத்துக்குள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், நீ வாயைத் திறக்காதே என்று அவர் சொல்லிவிட்டார்.

கூடத்தில் எல்லோர் முன்பும் காப்பி வந்தது. யாரும் தொடவில்லை. பெரியப்பா எழுந்து முறைப்படி கேட்டார். அபூ காலிப் முகமெல்லாம் மலர்ச்சியாக, தன் பக்கத்து ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: “மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை அம்மான்ல சேர்றாரு. என்னப்பா ஹாயில், அப்படித்தானே?”

ஆமாம் என்று தலையசைத்தால் போதும். பெரியப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல மாமா,” என்றான் ஹாயில். “அந்த வேலை இல்லைன்னு நேத்து சொல்லிட்டாங்க.”

நான் அவன் காதுகளைப் பார்த்தேன். சிவக்கவில்லை.

அபூ காலிப் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.  பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “பையன் தங்கம். இந்தக் காப்பி ஆறட்டும். வேலை கிடைச்சதும் வாங்க, புதுசாப் போட்டுத் தர்றேன்,” என்றார். நிரம்பிய கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தோம். வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தோம்.

அடுத்த வியாழன் ஹாயில் தனியாக நூலகத்துக்கு வந்தான். மேசையைத் துடைத்தான், கோப்பையை இறக்கினான், விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். “குடி,” என்றான். பெண் கேட்டுப் போவது பற்றிய அந்த வாக்கியத்தை அதன் பிறகு அவன் சொல்லவில்லை. மேலாளர் நாற்காலியில் உட்காரவும் இல்லை. நின்றபடியே கேள்விகளைக் கேட்டான்.

பாதாம் காய் முற்றுவதற்குள் சுந்துஸ் ஸர்காவுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டாள். பிறகு எனக்கு அம்மானில் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் காப்பி வந்தது, நாக்கு சுடச்சுடக் குடித்தேன். செய்தி சொல்ல ஹாயிலை அழைத்தபோது, வாழ்த்துவதற்கு முன் அவன் கேட்டது, “குடிச்சியா?” என்றுதான். அவன் இன்னும் கரக்கில், அண்ணன் கடையில். வியாழன்தோறும் புது மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு வேலையும் கிடைக்கிறது.

போன மாதம் அம்மான் பேருந்தில் சுந்துஸின் தம்பி காலிப் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான். ஹாயில் எப்படி இருக்கான் என்று விசாரித்தான். பிறகு, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னான். அன்று காப்பித் தட்டை உள்ளே எடுத்துப் போனவன் அவன்தான். சமையலறையில் அம்மா ஒவ்வொரு கோப்பையாகத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருக்க, கேட்க வந்த பெரியவர் முன்னால் இருந்தது எது என்று சுந்துஸ் கேட்டிருக்கிறாள். அவன் காட்டியிருக்கிறான். ஆறிப்போன அதை எடுத்து, நின்றபடியே, அடிவரை குடித்திருக்கிறாள்.