நிப்புக்கு ஒரு சுற்று

கார்ட்டூன் தொடர்கள் செய்யும் அந்த ஸ்டூடியோவில் அவரைக் கோடக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு.

வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. அனிமேட்டர்கள் கிறுக்கலாக வரைந்து அனுப்பும் உருவத்தின் மேல், பிசிறில்லாத ஒரே கோடாக முடிவான கோட்டைப் போடுவது. இதற்குக் கிளீன்-அப் என்று பெயர். படத்தில் கடைசியாகத் தெரிவது அந்தக் கோடுதான். முதல் பதினெட்டு வருடம் தாளில் போட்டார், பிறகு கம்ப்யூட்டரோடு இணைத்த டேப்லெட்டில், அதற்கான பேனாவால்.

கடைசி நாலு வருடமாக அவரிடம் இருந்தது ஒரு கழுதை. பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்க்கும் கழுதை. அதன் உடம்பைப் பிரிவில் யார் வேண்டுமானாலும் போடலாம், முகம் மட்டும் கோடக்காவுக்கு. ஒரு கண்ணுக்கு ஐந்து இமைமயிர். ஒவ்வொன்றும் அடியில் தடித்து, வளைந்து, நுனியில் இல்லாமல் போகவேண்டும். "நம்ம வீட்டுல யாருக்கும் இல்லாத இமை, ஒரு கழுதைக்கு" என்பார் அவர் கணவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவர்.

ஸ்டூடியோ கம்ப்யூட்டர்களின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்ற முடிவு செய்தது. பழையதற்கு இனி ஆதரவு கிடையாது என்று அதைச் செய்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மாற்றும் பொறுப்பு புதிதாகச் சேர்ந்திருந்த சிஸ்டம் ஆளுக்கு வந்தது. முப்பது வயது, இரண்டு குழந்தைகள். யார் என்ன குறை சொன்னாலும் முதலில் "அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்பதால் சுவிட்சு என்று பெயர். ஆறு மாதச் சோதனைக் காலத்தில் இருந்தார். மாதக் கடைசிக்குள் மாற்றம் முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வெளி நிறுவனம் ஒன்று வரும்.

கிளீன்-அப் பிரிவில் பதினாலு கம்ப்யூட்டர்கள். முதலில் மாற்றியது கோடக்காவுடையதை. மூத்தவருக்கு மரியாதை.

அன்று காலை அவர் போட்ட முதல் இமை நெளிந்தது. இரண்டாவதும் நெளிந்தது. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, கழுதைக்குக் குளிர் காய்ச்சலா?" என்றாள்.

"கழுதைக்கு ஒண்ணுமில்ல. சிஸ்டத்துக்குத்தான்."

பத்து மணிக்குள் புகார் போய்விட்டது. பிரிவுத் தலைவிக்கு மெயில், பிரிவில் எல்லோருக்கும் அதன் நகல்: புதிய சிஸ்டம் பேனாவைச் சரியாகப் படிப்பதில்லை, கோடு நடுங்குகிறது, மற்ற கம்ப்யூட்டர்களை மாற்ற வேண்டாம். இருபத்தாறு வருடக்காரர் சொன்னால் சொன்னதுதான். மாற்றம் நின்றது.

சுவிட்சு வந்தார், அணைத்துப் போட்டார். பேனாவை மாற்றினார், கேபிளை மாற்றினார், மறுநாள் டேப்லெட்டையே மாற்றினார். கோடு நடுங்கியது. கடைசியில் தானே பேனாவை வாங்கி ஒரு கோடு இழுத்தார். அது கயிறு பிடித்த மாதிரி போனது. பக்கத்து மேசைக்காரி இழுத்தாள். அதுவும் நேராகவே போனது.

"உங்களுக்கு அது பயப்படுது," என்றார் கோடக்கா. யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் புது சிஸ்டத்தைத் திட்டினார். கூட இருக்கும் நாத்தனார் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர், வாய்க்குப் பூட்டு போடத் தெரியாதவர்.

"அண்ணி, மூணு வருஷமா நீங்க வாசக்கதவைத் திறக்க ரெண்டு கையாலயும் சாவியைப் பிடிக்கறீங்க. அந்தக் கதவுக்கும் புது சிஸ்டம் போட்டுட்டாங்களா?"

கணவர் தங்கையை முறைத்தார். கோடக்கா கணவரைப் பார்த்தார்.

"நீங்களும் பாத்தீங்களா?"

"பாத்தேன். கேட்டா கோச்சுப்ப. வேலையில கோடு நல்லாத்தானே வருதுன்னு சொல்லிக்கிட்டிருந்த. சரி, களைப்பா இருக்கும்னு விட்டுட்டேன்."

"நல்லாத்தான் வந்துது," என்றார் கோடக்கா. அது உண்மை. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

புரிந்தது மூன்றாம் நாள். பழைய கம்ப்யூட்டர்களின் பேக்கப் வருட வாரியாக சர்வரில் இருந்தது. சுவிட்சு அவற்றைத் தோண்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, ஸ்மூத்திங் ஏன் பதினேழுல இருந்துது?"

ஸ்மூத்திங் என்பது கை போகிற வழியை அப்படியே காட்டாமல், அதன் ஆட்டத்தை வடிகட்டிக் காட்டும் வசதி. இருபது வரை உண்டு. எண் கூடினால் வடிகட்டலும் கூடும், கோடும் பேனாவுக்குச் சற்றுப் பின்தங்கியே வரும்.

"நான் எந்த செட்டிங்கையும் தொட்டதே இல்லப்பா."

"டேப்லெட் ஓரத்துல சின்னச் சக்கரம் இருக்கே, அதை?"

"அது செட்டிங்கா? அது நிப்பு மாத்தினா சுத்தறது."

"யாரு சொன்னா?"

"முதல்ல டேப்லெட் மாட்ட வந்தவர். நிப்பு மாத்தினா வலப்பக்கம் ஒரு சுத்து சுத்திக்கோங்கம்மான்னார்."

"ஒவ்வொரு நிப்புக்குமா?"

"பின்ன? ஒரு நிப்புக்கு உண்டு, இன்னொண்ணுக்கு இல்லைன்னா அது ஓரவஞ்சனை இல்லையா?"

சுவிட்சு திரையைக் காட்டினார். முதல் வருடம் இரண்டு. அடுத்த வருடம் நாலு. பிறகு ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினாறு. இந்த வருடம் பதினேழு. டேப்லெட் பேனாவின் நுனியிலுள்ள நிப்பு ஆறு மாதத்துக்கு ஒன்று தேயும், ஒரு நிப்புக்கு ஒரு சுற்று, ஒரு சுற்றுக்கு ஓர் எண். கைக்காக அவர் எண்ணைக் கூட்டவில்லை. நிப்புக்காகக் கூட்டினார், கை அதற்கடியில் தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கியிருந்தது. எப்போது என்று சொல்ல எந்த பேக்கப்பும் இல்லை. எண் ஏற ஏறக் கோடு பின்தங்கியதால் அவரும் மெதுவாக இழுக்கப் பழகியிருந்தார். அந்த நிதானத்தைப் பிரிவில் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

"புதுசுல எல்லாருக்கும் பூஜ்யத்துல வச்சேன். பதினேழு போட்டுத் தரேன், பத்து நிமிஷ வேலை," என்று குரலைத் தாழ்த்தினார் சுவிட்சு. "மேடம் கேட்டா, பழைய செட்டிங்கைக் கொண்டுவர மறந்துட்டேன்னு சொல்லிக்கறேன்."

"மறந்தியா?"

"இல்ல. எல்லாரும் புதுசா ஆரம்பிக்கட்டும்னு அவங்கதான் விடச் சொன்னாங்க. ஆனா அவங்க எத்தனையோ பேருக்கு என்னென்னவோ சொல்றாங்க, இது ஞாபகம் இருக்காது."

"அப்ப தப்பு உன் பேர்ல ஏறும். மாசக் கடைசியில உன் கதை?"

"தெரியலக்கா. ரெண்டு நாள் நின்னதே என் கணக்குலதான் ஏறியிருக்கு."

கோடக்கா மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டார். பேசாமல் இருந்தால் பதினேழும் கழுதையின் முகமும் அவரிடமே இருக்கும். பேசினால் முகம் போகும். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அவர் தலைவியாக இருந்திருந்தாலும் எடுத்திருப்பார். டப்பாவைக் கழுவி, துடைத்து, மூடி, பையில் வைத்துவிட்டுத் தலைவியின் அறைக்குப் போனார்.

தலைவியும் அவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். வெளியே மேடம், கதவு சாத்தினால் வாடி போடி.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான்," என்றார் கோடக்கா. "உன் கூடம் சரியாத்தான் இருக்கு. அந்தப் பையன் மேல தப்பில்ல."

மேசையிலிருந்த பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு இமை வரைந்து காட்டினார். தலைவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"வீட்டுல மூணு வருஷங்கறாங்க. எனக்கு நேத்துதான் தெரியும்."

சக்கரத்தின் கதையைச் சொன்னார். தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பேசாம அந்தப் பதினேழைப் போட்டுக்கிட்டு ஓட்டியிருக்கலாமேடி."

"ஓட்டியிருக்கலாம். இருபதுக்கு மேல எண் இல்ல. இன்னும் மூணு நிப்புதான்."

தலைவி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தெரிஞ்சப்புறம் முகத்தை உங்கிட்ட விட முடியாது," என்றார் தலைவி.

"தெரியும்."

"கோபமா?"

"இருக்கு. உன் மேல இல்ல. கையில இருக்கறதை மட்டும் முடிச்சுத் தரேன், பதினேழுலயே."

"முடி. டாக்டரைப் பாரு."

புகார் எல்லோருக்கும் போயிருந்ததால் வாபஸும் எல்லோருக்கும் போனது. மூன்று வரி. கோடு நடுங்குவது என் கையால். சிஸ்டத்தில் பிழை இல்லை. மற்ற கம்ப்யூட்டர்களை மாற்றலாம்.

 அரை மணி நேரம் கழித்துப் பக்கத்து மேசைக்காரி எழுந்து வந்தாள்.

"அக்கா, என்னுது பன்னெண்டுல இருக்கு."

"உனக்கென்ன, கை ஆடுதா?"

"இல்ல. நீங்க நிப்பு மாத்தினப்போ சுத்தினீங்க. பெரியவங்க செஞ்சா காரணம் இருக்கும்னு நானும் சுத்தினேன்."

விசாரித்ததில் பதினாலு பேரில் ஐந்து பேர் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இடப்பக்கம் சுற்றியிருந்தார். அவருடையது நெடுநாளாகப் பூஜ்யம். "அக்காவைவிட எனக்கு ஏன் வேலை சீக்கிரம் முடியுதுன்னு இப்பத்தான் தெரியுது," என்றார் அவர். அப்போதுதான் பிரிவில் யாரோ சிரித்தார்கள். கோடக்காவும் சிரித்தார், கடைசி ஆளாக.

இது பலருக்கும் வருகிற நடுக்கம்தான், உயிருக்கு ஆபத்து இல்லை, முழுக்கப் போகவும் போகாது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கணவர் அதற்கு நேர அட்டவணை போட்டு ஒட்டிவைத்தார். நாத்தனார் ஒன்றும் சொல்லாமல் தன் கடையிலிருந்தே வாங்கி வந்தார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு பதினாலும் மாறி முடிந்தன. சுவிட்சுக்கு வேலை உறுதியானது. கழுதையின் முகம் பக்கத்து மேசைக்குப் போனது. கோடக்காவுக்குப் பஸ்ஸுக்குள் நிற்கும் பயணிகள்: ஆடு, வாத்து, இரண்டு பன்றி, பின்வரிசையில் அடையாளம் தெரியாத பதினேழு பதினெட்டுத் தலைகள். ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு. யாருக்கும் இமை கிடையாது.

புதிய வேலைக்கு டேப்லெட்டைச் சரிசெய்ய சுவிட்சு வந்தார்.

"பதினேழு போட்டுடவாக்கா?"

"எட்டு போடு, போதும்."

"ஆடுமே?"

"ஆடட்டும். ஓடற பஸ்ஸுல நிக்கறாங்க, ஆடாம என்ன செய்வாங்க?"

சுவிட்சு எட்டு என்று அடித்தார்.